மழைக்காலப் பள்ளி நாள்கள்: தண்ணீர் வரும் முன்பே பெற்றோர் முடிவு செய்ய வேண்டியவை

காலை 6 மணி. வெளியே இன்னும் இருட்டு. இரவெல்லாம் பெய்த மழை விட்டபாடில்லை. அப்பா செம்பனைத் தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ கிளம்பிவிட்டார். பாட்டி பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளி வேன் வாசலில் நிற்கும். வழியிலுள்ள சிறுபாலத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பிள்ளையை அனுப்பலாமா, வேண்டாமா?

நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றில் பல இன்றும் தோட்டங்களிலும் ஆற்றோர ஊர்களிலும் இருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும், பிள்ளைகள் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் அதே பள்ளிக்கு வந்து போகிறார்கள். பள்ளி வளாகத்துக்குள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் இடையிலுள்ள சாலைக்குப் பெற்றோர்தான் பொறுப்பு. மழைக்காலத்தில் ஆபத்து பெரும்பாலும் அந்த இடைவழியில்தான் காத்திருக்கிறது. அங்கே என்ன செய்வது என்பதை விடியற்காலை அவசரத்தில் யோசிக்க முடியாது. மழைக்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

மழையும் பள்ளித் தவணையும்

வடகிழக்குப் பருவமழை பொதுவாக நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். தொடக்க மாதங்களில் கிளந்தான், திரெங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பகுதி ஆகியவை அதிகம் பாதிக்கப்படும். சபாவிலும் சரவாக்கிலும் மழை ஆண்டு தொடக்கம்வரை தொடரும். மேற்குக் கரை மாநிலங்களில் பருவ மாற்றக் காலமான ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியுடன் கூடிய மழை கொட்டும். அது பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம்.

முன்பெல்லாம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். மழை உச்சத்தை எட்டும் வாரங்களில் பிள்ளைகள் நீண்ட விடுமுறையில் வீட்டில் இருப்பார்கள். கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பின் அந்த அட்டவணை மாறியது. 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் பள்ளித் தவணை மார்ச் மாதத்தில் தொடங்கியது. 2025இல் பிப்ரவரிக்கு வந்து, 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. ஆனாலும் நவம்பர் மழையில் பள்ளி நடக்கத்தான் செய்கிறது. ஜனவரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை புதுப் பையுடன் பள்ளிக்குள் நுழையும்போதும் பருவமழை முடிந்திருக்காது. "மழைக்காலம் என்றால் லீவுதானே" என்ற பழைய நினைப்பு இனி உதவாது.

வெள்ளம் கிழக்குக் கரையின் கவலை மட்டுமே என்ற எண்ணமும் அப்படித்தான். 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில் கிளந்தானின் குவால கிராய் வட்டாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கிழக்குக் கரை மாநிலங்களையும் சேர்த்து 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். 2021 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் சிலாங்கூரில் ஏறக்குறைய ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி மீட்புப் படகுக்காகக் காத்திருந்தனர். அந்த மாத வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் ஜொகூரின் செகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் மூழ்கின. வெள்ளமே பார்க்காத தாமான் என்று எதையும் நம்பி இருக்க முடியாது.

மூன்று நிறங்கள், நான்கு நிலைகள்

"கனமழை பெய்யுமாம்" என்று புலனத்தில் வரும் தகவல் எந்த அளவுக்கு ஆபத்தானது என்பதை அறிய, இரண்டு அதிகாரப்பூர்வ அளவுகோல்கள் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது மழைக்கானது. மெட்மலேசியா எனப்படும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை, தொடர் மழை எச்சரிக்கையை மூன்று நிறங்களில் வெளியிடுகிறது. மஞ்சள் 'வஸ்பாடா', அதாவது விழிப்பாக இருங்கள். ஆரஞ்சு 'புரோக்', நிலைமை மோசம். சிவப்பு 'பஹாயா', ஆபத்து. துறையின் மைகுவாச்சா செயலியில் மாவட்ட வாரியாக இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது ஆற்றுக்கானது. ஜேபிஎஸ் எனப்படும் வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆறுகளின் நீர்மட்டத்தை அளந்து, தனது பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் இணையத்தளத்தில் நான்கு நிலைகளில் காட்டுகிறது: நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா. ஊரில் மழை நின்றிருந்தாலும், மேலே மலைப்பகுதியில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து ஆற்றில் வந்து சேரும். ஆகவே வானத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. வீட்டுக்கும் பள்ளிக்கும் அருகிலுள்ள ஆறு எது, அதன் அளவு நிலையம் எங்கே இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

குடும்பத்துக்கு எளிய விதி ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். மஞ்சள் என்றால் பையையும் ஆவணங்களையும் தயார் செய்வது, கைப்பேசிக்கு மின்னூட்டுவது. ஆரஞ்சு என்றால் பள்ளியின் அறிவிப்பைப் பார்த்து, வழியையும் விசாரித்த பிறகே பிள்ளையை அனுப்புவது. சிவப்பு என்றாலோ, ஆறு அமாரான் நிலையைத் தாண்டிவிட்டாலோ, தாழ்வான வழியில் பிள்ளையை அனுப்பாமல் இருப்பது. இதைத் தாத்தா பாட்டிக்கும் சொல்லி வைக்க வேண்டும். விடியற்காலையில் பல வீடுகளில் பிள்ளையை அனுப்பி வைப்பவர்கள் அவர்கள்தான்.

பள்ளி மூடப்படுவது எப்படித் தெரியும்?

பள்ளியை மூடும் முடிவு தலைமையாசிரியர் ஒருவரால் மட்டும் எடுக்கப்படுவதில்லை. பள்ளி நிலைமையைத் தெரிவிக்க, மாவட்டக் கல்வி இலாகாவும் மாநிலக் கல்வி இலாகாவும் அதைப் பரிசீலிக்கின்றன. அறிவிப்பு பெற்றோருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வகுப்பாசிரியரின் புலனக் குழு வழியாகத்தான். குழுவில் இருப்பது தோட்ட வேலைக்குப் போன அப்பாவின் எண் மட்டும் என்றால், வீட்டிலுள்ள பாட்டிக்குச் செய்தி எட்டாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது இரண்டு பெரியவர்களின் எண்கள் வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும். எண் மாறினால் அன்றே தெரிவிக்க வேண்டும்.

பள்ளிக்குள் தண்ணீர் புகாமலேயே வகுப்புகள் நிறுத்தப்படலாம். பல பள்ளிகள் பிபிஎஸ் எனப்படும் தற்காலிக நிவாரண மையங்களாகப் பயன்படுவதே காரணம். மண்டபத்திலும் வகுப்பறைகளிலும் குடும்பங்கள் தங்கியிருக்கும் நாள்களில் பாடம் வீட்டிலிருந்தே தொடரும். அதற்கு இணைய வசதியோ, கூடுதல் கைப்பேசியோ இல்லாத வீடுகள் உண்டு. அதை ஆசிரியரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். சொன்னால்தான் அச்சிட்ட பயிற்சித் தாள்களுக்கு ஏற்பாடு செய்ய முடியும்.

பள்ளி திறந்திருக்கிறது, ஆனால் வீட்டு வழி மட்டும் மூழ்கியிருக்கிறது என்றால் என்ன செய்வது? இங்கேதான் பல பெற்றோர் தவறுகிறார்கள். வராமை பதிவாகிவிடும், எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று பயந்து, பிள்ளையை முழங்கால் தண்ணீரில் இறக்கி விடுகிறார்கள். காரணம் சொல்லி வராமல் இருப்பது வேறு. காரணமே சொல்லாமல் மட்டம் போடுவது வேறு. "பாலத்தில் தண்ணீர், இன்று அனுப்பவில்லை" என்று வகுப்பாசிரியருக்கு ஒரு வரியும், முடிந்தால் ஒரு படமும் அனுப்பி வைத்தால் போதும். ஒரு நாள் பாடத்தை மறுநாள் பிடித்துவிடலாம்.

வதந்திகளிலும் கவனம் தேவை. சென்ற ஆண்டு அறிவிப்பை யாரோ இன்று பகிர்வதும், வேறு மாநிலத்துக்கான கடிதம் இங்கே சுற்றுவதும் வழக்கம். தேதியும் மாவட்டமும் பள்ளியின் பெயரும் இல்லாத எதையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பாதி நாளில் பள்ளி விட்டால்

முழு நாள் மூடுவதைவிடச் சிக்கலானது, பாதி நாளில் பிள்ளைகளை அனுப்பி வைப்பது. ஜொகூர் பாருவில் விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர், காலை 10 மணிக்கு அழைப்பு வந்தால் பாலத்தைத் தாண்டி உடனே வர முடியாது. கிள்ளான், ஷா ஆலம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் கைப்பேசி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். செம்பனைக் காட்டுக்குள் பல இடங்களில் தொடர்பே கிடைக்காது.

இதற்குப் பள்ளியால் மட்டும் தீர்வு காண முடியாது. தனக்குப் பதிலாகப் பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடிய இருவரின் பெயரையும் எண்ணையும் பெற்றோர் எழுதிப் பள்ளியில் கொடுத்து வைக்க வேண்டும். அந்த இருவரும் பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களாக இருப்பது நல்லது. அத்தை வேறு ஊரில் இருந்தால் அவர் பெயரைக் கொடுப்பதில் பயனில்லை. பக்கத்து வீட்டு அக்காவோ, அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் இன்னொரு குடும்பமோ பொருத்தம். அந்த இருவரைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று பிள்ளையிடமும் சொல்லி வைக்க வேண்டும். யாரும் வரவில்லை என்றால் பள்ளியிலேயே ஆசிரியருடன் இருக்க வேண்டும், தானாக நடந்து கிளம்பக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

வேன் ஓட்டுநருடனும் முன்பே பேச வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் நின்றால் வேன் திரும்பிவிடும், அப்போது பிள்ளைகளை எங்கே இறக்குவார், யாருக்கு அழைப்பார் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எப்படியாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று ஓட்டுநரை நெருக்குவது பத்துப் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும். தண்ணீரைப் பார்த்து வேனைத் திருப்பும் ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாமல் பாராட்ட வேண்டும்.

ஓடும் தண்ணீரின் பலம்

வெள்ளநீரின் ஆழத்தைவிட அதன் வேகம்தான் ஆளைச் சாய்க்கிறது. வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர், அதாவது அரையடி இருந்தாலே பெரியவர் ஒருவரின் காலை வாரிவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். 30 சென்டிமீட்டர் நீர் சிறிய காரை மிதக்க வைக்கும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். காலை 7 மணி வரை வெளிச்சம் வராத நம் நாட்டில், இருட்டில் தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் கணிக்கவே முடியாது. தினமும் போய் வந்த சாலைதான் என்ற நம்பிக்கையும் உதவாது. அடியிலுள்ள தார் பெயர்ந்திருக்கலாம், கால்வாய் மூடி நகர்ந்திருக்கலாம்.

பிள்ளைகள் வெள்ளநீரில் விளையாடுவது பலருக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. படம் பிடித்துப் பகிரவும் செய்கிறார்கள். சாலையும் கால்வாயும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது, எங்கே சாலை முடிகிறது, எங்கே கால்வாய் தொடங்குகிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது. கால்வாய்க்குள் விழுந்தால் நீரோட்டம் பாலத்தின் அடியில் இழுத்துப்போகும். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் அங்கே வழியில்லை.

மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிச் செல்வோர் குடை பிடிக்க விடக் கூடாது. காற்று குடையை இழுக்கும்போது வண்டியும் சாயும். பிள்ளைக்கு அளவான மழையங்கியும், வார் இறுக்கிய தலைக்கவசமும் வேண்டும். மழையங்கியின் நுனி சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் வாங்கினால் லாரி ஓட்டுநரின் கண்ணில் படும்.

மின்னலுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ண வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திடலுக்குத் திரும்பக் கூடாது. தனி மரத்தடி, திடலோரக் கூரை, இரும்பு வேலி ஆகியவை ஒதுங்குமிடங்கள் அல்ல.

ஒரு பையில் குடும்பத்தின் ஆவணங்கள்

வெள்ளத்தில் நனைந்த மெத்தையை வாங்கிவிடலாம். பிறப்புப் பத்திரம் போனால் அலைச்சல். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மைகிட் அட்டை, பெற்றோரின் மைகார்டு, திருமணப் பதிவுச் சான்று, தடுப்பூசிப் புத்தகம், மருத்துவமனை அட்டை, தேர்வுச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே நெகிழி உறையில் போட்டு, வீட்டின் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைக்கலாம்.

குடியுரிமை, பிறப்புப் பதிவு தொடர்பான விண்ணப்பம் இன்னும் முடியாத குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பல ஆண்டுகளாகச் சேர்த்த கடிதங்கள், விண்ணப்ப ரசீதுகள், மருத்துவமனையின் பழைய தாள்கள் போனால் விண்ணப்பம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடலாம். அவற்றுக்கென்று தனி உறை வேண்டும்.

ஆவணம் தொலைந்துவிட்டால், தேசியப் பதிவு இலாகாவில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்து மாற்று ஆவணத்துக்கு விண்ணப்பிக்கலாம். கடந்த வெள்ளங்களின்போது பாதிக்கப்பட்டோருக்குக் கட்டண விலக்கு அளிக்கப்பட்டது.

பள்ளியின் இரவல் பாடநூல்கள் நனைந்து கெட்டால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். படம் எடுத்து, வகுப்பாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். மாற்று நூல் வரும்வரை, கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் மின்னூல் வடிவில் பாடநூல்களைப் படிக்கலாம். அதற்குரிய மாணவர் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் இப்போதே எழுதி அந்த உறையில் வைத்துவிடலாம்.

நிவாரண மையத்தில் பிள்ளைகளோடு

வெளியேறச் சொன்னால் உடனே கிளம்ப வேண்டும். பொருளைக் காக்க வீட்டிலேயே இருந்து, இரவில் கூரையேறியவர்களின் கதை 2021இல் நிறையவே கேட்டது. கிளம்புமுன் மெயின் சுவிட்சை அணைத்து, எரிவாயுத் தோம்பை மூட வேண்டும். தண்ணீர் சுவிட்ச் பெட்டியை எட்டியிருந்தால் அதன் அருகிலேயே போகக் கூடாது.

மையத்தில் சேர்ந்ததும் சமூகநல இலாகா அதிகாரிகளிடம் குடும்பத்தினர் அனைவரின் பெயரையும் பதிவு செய்ய வேண்டும். அண்மைய ஆண்டுகளில் இடம்பெயர்ந்த குடும்பத் தலைவருக்கு வழங்கப்பட்ட 1,000 ரிங்கிட் பரிவுத் தொகைக்கு இந்தப் பதிவே அடிப்படையாக இருந்தது. பதியாமல் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு அலைந்தவர்கள் பலர். சைவ உணவு, குழந்தைப் பால்மாவு, ஆஸ்துமா மருந்து, மாதவிடாய் அணையாடை போன்ற தேவைகளையும் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

மண்டபத்தில் பழக்கமில்லாத பலரோடு தங்கும் நாள்களில் பிள்ளை பெற்றோரின் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். கழிவறைக்குத் தனியே அனுப்பக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் பெயரும் பெற்றோர் எண்ணும் எழுதிய சீட்டு இருப்பது நல்லது. பெண்பிள்ளைக்கோ ஆண்பிள்ளைக்கோ யாராவது தொல்லை கொடுத்தால் மறைக்காமல் மைய அதிகாரியிடம் உடனே சொல்ல வேண்டும்.

எஸ்பிஎம் எழுத்துத் தேர்வு அண்மைய ஆண்டுகளில் மழைக்காலத்தையொட்டியே நடந்து வருகிறது. தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் அடையாள அட்டையும் தேர்வுப் பதிவுச் சீட்டும் முதலில் பையில் ஏற வேண்டும். வழக்கமான மையத்துக்குப் போக முடியாவிட்டால் அன்று காலை வரை காத்திருக்காமல், முதல் நாளே பள்ளியைத் தொடர்புகொள்ள வேண்டும். அருகிலுள்ள வேறு தேர்வு மையத்தில் எழுதுவதற்கு ஏற்பாடு செய்வது நடைமுறையில் உள்ளது.

தண்ணீர் வடிந்த பிறகு

வெயில் அடித்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகத் தோன்றும். நோய்கள் தொடங்குவதே அப்போதுதான்.

எலிச் சிறுநீர் நோய் சேற்றிலும் தேங்கிய நீரிலும் பரவுகிறது. காலில் சிறு கீறல் இருந்தாலே கிருமி உள்ளே நுழைந்துவிடும். அறிகுறி தெரியப் பொதுவாக 5 முதல் 14 நாள் ஆகலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் இருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், "பிள்ளை வெள்ளநீரில் நின்றது" என்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெரிய உதவி.

டிங்கியை பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் முழுக் கொசுவாகிவிடும். பூச்சாடித் தட்டு, பழைய டயர், வீட்டுக்கூரைத் தாங்கி, தோட்டத்துப் பால் கோப்பை எல்லாம் அதன் வீடுதான். வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்க்க வேண்டும். டிங்கியில் காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி அடையக் கூடாது. அந்த நேரத்தில்தான் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு போன்ற ஆபத்து அறிகுறிகள் தலைகாட்டும்.

வீட்டைக் கழுவும் வேலையில் சின்னப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம். பாம்பும் பூரானும் அலமாரிக்குள்ளும் காலணிக்குள்ளும் ஒதுங்கியிருக்கும். நனைந்த மின்சாதனத்தை ஆள் வைத்துப் பார்க்காமல் இணைக்கக் கூடாது. கிணற்று நீரையும் கலங்கி வரும் குழாய் நீரையும் நன்கு கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

பள்ளியைச் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங் பணிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூப்பிடும்போது பெரியவர்கள் போவது பெரிய உதவி. நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமில்லாத பகுதி உதவிபெறும் பள்ளிகளாகவே பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால், பல இடங்களில் பெற்றோரின் கைதான் முதலில் நீள வேண்டியிருக்கிறது. போகும்போது கையுறையும் பூட்ஸும் அணிய வேண்டும்.

விடுமுறையிலும் விழிப்பு

பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்புவது ஆற்றுக்கும் நீர்வீழ்ச்சிக்கும் பழைய ஈயக்குட்டைக்கும்தான். ஈயக்குட்டையில் கரையோரம் ஆழமில்லாமல் இருந்து, அடுத்த அடியில் திடீரென ஆழமாகிவிடும். ஆற்றிலோ 'கெபாலா ஆயிர்' எனும் திடீர் நீர்ப்பெருக்கு, மேலே பெய்த மழையைச் சுமந்துகொண்டு நிமிடங்களில் இறங்கும். 2021 ஆகஸ்டில் கெடா, குனோங் ஜெராய் அடிவாரத்தில் உயிர்களைப் பறித்தது அதுதான். தெளிந்த நீர் சட்டெனக் கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பொருளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும்.

2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் முகாம் ஒன்றின்மீது மலைச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டனர். விடுமுறையைக் கழிக்கக் குடும்பத்தோடு வந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். அடிவாரத்திலோ ஆற்றங்கரையிலோ மழைக்காலத்தில் கூடாரம் போடும் பயணத்தைப் பள்ளி ஏற்பாடு செய்தாலும், கோயில் இளைஞர் குழு ஏற்பாடு செய்தாலும், இடத்துக்கு உரிமம் உண்டா, எச்சரிக்கை வந்தால் இரவில் எங்கே போவார்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியவை

நீண்ட அறிவுரை பிள்ளையின் மனத்தில் நிற்காது. இந்த ஐந்தையும் வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தால் போதும்.

1. அப்பா அல்லது அம்மாவின் கைப்பேசி எண், வீட்டு முகவரி.
2. ஓடும் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன். செருப்போ பந்தோ போனால் போகட்டும்.
3. கூப்பிட வருவது இந்த இருவர் மட்டுமே. வேறு யாருடனும் போக மாட்டேன்.
4. இடி கேட்டால் உள்ளே ஓடுவேன்.
5. அவசரம் என்றால் 999.

பெரியவர்களின் கைப்பேசியில் இருக்க வேண்டிய எண்கள்: காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படைக்கு 999. சமூகநல உதவிக்கும் பிள்ளைகள் பாதுகாப்புக்கும் தாலியான் காசே 15999. மின்தடைக்கும் அறுந்து விழுந்த கம்பிக்கும் டிஎன்பி 15454. இவற்றுடன் வகுப்பாசிரியர், பள்ளி அலுவலகம், வேன் ஓட்டுநர் ஆகியோரின் எண்களையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கலாம். மின்சாரம் போய்க் கைப்பேசி அணைந்தாலும் தாள் இருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். அப்பாவும் அம்மாவும் தாத்தா பாட்டியும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, எந்த நிறம் வந்தால் என்ன செய்வது, யார் கூப்பிடப் போவது, உறை எங்கே இருக்கிறது என்று பேசி முடித்துவிடலாம். அப்படிப் பேசி முடித்த வீட்டில், மழை கொட்டும் விடியற்காலையில் வாசலில் வேன் வந்து நிற்கும்போது பாட்டி யாரிடமும் கேட்டுத் தவிக்க வேண்டியதில்லை. பாலத்தில் தண்ணீர் என்றால் பிள்ளை இன்று வீட்டில் இருக்கும், அவ்வளவுதான்.